பனிமலை ஊரில் ஒரு மாரிகாலம்

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்லின் மேல் நிற்கும் ஈரந்தான். தலையைத் துவாயால் மூடிக்கொண்டு முற்றம் கூட்டுவோம். வெயில் ஏற அது போய்விடும். அந்தப் பனியை மட்டுமே அறிந்திருந்த நான், 2019ஆம் ஆண்டு தை மாதத்தில், ஆள் உயரத்துக்கு வெண்பனி குவிந்து கிடக்கும் ஒரு மலையூரில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். சுவிற்சர்லாந்தில் உள்ள டாவோஸ் என்பது அந்த ஊரின் பெயர்.

சுற்றிப் பார்க்கவென்று நான் போகவில்லை. அங்கே ஒரு ஹொட்டேலில் அறைகள் துப்புரவு செய்யும் வேலை பார்க்கும் என் தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. மூத்த பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. பத்தியக் கறி வைத்துக் கொடுக்கவும், பிள்ளையைக் குளிக்க வார்க்கவும் அம்மா இல்லை. அம்மாவின் இடத்தில் நான் போனேன். பொதிக்குள் சரக்குத்தூள், மிளகாய்த்தூள், வறுத்த கச்சான், ஒடியல் மா. குளிருக்கு உடுக்க என்னிடம் இருந்தது ஒரேயொரு கம்பளிச் சட்டை. அதுவும் நிவாரணத்தில் கிடைத்தது.

மேலே ஏறும் சிவப்புப் புகையிரதம்

சூரிச் விமான நிலையத்தில் தங்கையின் கணவர் காத்திருந்தார். அங்கிருந்து டாவோஸுக்கு ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலப் பயணம். லாண்ட்குவார்ட் என்ற இடத்தில் இறங்கி, சிறிய பாதையில் ஓடும் சிவப்பு நிறப் புகையிரதத்தில் மாறி ஏற வேண்டும். இந்தப் பாதை 1890இல் டாவோஸை எட்டியது. கீழே வயல்களும் வீடுகளும் ஈரமாகவே இருந்தன. குளொஸ்டேர்ஸ் என்ற ஊரைத் தாண்டி வளைந்து வளைந்து ஏற, யன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மரம், கூரை, வேலிக்கட்டை என ஒன்றுமே மிச்சமில்லை. வெள்ளைச் சீலை உடுத்த ஊர் போலிருந்தது. அந்த நினைப்பு எனக்கு நல்லதாகப் படவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாவோஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,560 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் நுவரெலியாவோ 1,868 மீற்றர். நுவரெலியாதான் உயரம் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியம். ஆனாலும் நுவரெலியாவில் வெண்பனி கொட்டுவதில்லை. தை, மாசியில் சில விடியற்காலைகளில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியோடு சரி. நாங்கள் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். வருடம் முழுவதும் சூரியன் தலைக்கு மேலேதான். அங்கே மாரிகாலத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் பிந்தி எழும்பி, தாழ்வாக ஓடி, நேரத்தோடு மறைந்துவிடும். உயரம் மட்டும் ஓர் ஊரைக் குளிராக்குவதில்லை என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

பனியிலும் பல வகை

முதல் நாள் காலையில் பெறாமகள் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். சப்பாத்துக்குக் கீழே பனி "கறுக், கறுக்" என்று சத்தம் போட்டது. கடுங்குளிர் என்றால்தான் அப்படிச் சத்தம் வருமாம். மூக்குத் துவாரத்துக்குள் ஈரம் உறைந்து குத்தியது. இரவில் சைபருக்குக் கீழே பதினைந்து பாகை என்று அவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் வெதுவெதுப்பு. வெளியே காலடி வைத்தால் மூச்சு புகையாய்ப் போனது.

நான் பனியெல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். கொட்டி முடிந்த உடனே இருக்கும் பனி இலவம் பஞ்சு போல. அதில் பெரும்பகுதி காற்றுத்தான். பத்துச் சென்ரிமீற்றர் புதுப்பனியை உருக்கினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர்தான் வரும். காற்று அடித்தால் அது துகளாய் உடைந்து, ஒரு பக்கத்துச் சரிவிலிருந்து அள்ளப்பட்டு மறுபக்கத்தில் பாளமாய் இறுகிப் படியும். தெற்கிலிருந்து "பியோன்" என்ற வெப்பக்காற்று மலையைத் தாண்டி இறங்கினால் ஒரே நாளில் குளிர் குறைந்து கூரையெல்லாம் ஒழுகத் தொடங்கும். எங்களுக்கு வாடையும் சோளகமும் போல அவர்களுக்கு அது. பங்குனி, சித்திரையில் பகலில் உருகி இரவில் உறைந்து பனி சீனிக்கல் போலாகிவிடும். காலையில் கல், மத்தியானம் களி.

பனிச்சறுக்குக்கு வருபவர்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் வருகிறார்கள். சாதாரணமாகக் கார்த்திகை பிற்பகுதியில் மலையின் மேற்பகுதிகள் திறக்கப்பட்டு, சித்திரை வரை ஓடும். நத்தாரும் மாசி விடுமுறையும் சனம் நிறைந்த காலம். பிறகு ஊர் உறங்கிவிடும். வைகாசியில் பல ஹொட்டேல்கள் பூட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையிலும் அப்படித்தான். பனியின் கணக்குத்தான் அங்கே வேலையின் கணக்கு. என் தங்கையைப் போலக் கட்டில் விரிப்பவர்கள், அவள் கணவரைப் போலச் சமையலறையில் நிற்பவர்கள் எல்லோரும் கார்த்திகை மாதத்தில் மலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். நாங்கள் புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது போல.

பெண்களுக்கு ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வேலை செய்யும் தாய்க்குப் பிள்ளை பிறந்தால் பதினான்கு கிழமை விடுமுறை. சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது வீதம் கிடைக்கும். முழு நாட்டுக்குமான அந்தச் சட்டம் 2005இல்தான் நடைமுறைக்கு வந்ததாம். பணக்கார நாட்டிலும் பெண்கள் அதற்காக நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

பொங்கலன்று விடிய

நான் போய்ச் சில நாட்களில் பெரிய பனி கொட்டத் தொடங்கியது. அந்த வருடம் தை முற்பகுதியில் அல்ப்ஸ் மலைகளின் வடபகுதி முழுவதும் அப்படித்தான். 10ஆம் திகதி, நாட்டின் கிழக்கே சென்ரிஸ் மலையடியில் ஒரு ஹொட்டேலுக்குள் பனிச்சரிவு புகுந்த படத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நல்லகாலம், உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் யன்னலுக்கு வெளியே நின்ற வேலிக்கட்டைகளை ஒவ்வொன்றாய்ப் பனி விழுங்கியது.

தைப்பொங்கல் 15ஆம் திகதி வந்தது. வெளியே பொங்க வழியில்லை. அடுப்படியில் பொங்கலாம் என்று விடிய எழும்பிப் பால் வைத்தேன். குழந்தை பக்கத்தில் தொட்டிலில். பால் நுரைத்து வரும் நேரம், மலைப் பக்கத்தில் "டொம்" என்று ஒரு வெடி. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்து இன்னொன்று. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. தங்கை லைற் போட்டுப் பார்த்தபோது, குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

அவள் சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே தானும் வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. அது மலையிலை பனியை விழுத்திறதுக்கு வைக்கிற வெடி. ஆக்களில்லாத நேரம் பாத்து, றோட்டைப் பூட்டிப்போட்டு, தாங்களா விழுத்துவினம். தானா விழுந்தால்தான் ஆபத்து."

"இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொல்ல வேணுமெண்டுதான் இருந்தனான். நான் வந்த முதல் வருசம் நானும் இப்பிடித்தான். கட்டிலுக்குக் கீழை போயிட்டன். இவர் பயந்து போனார்."

குழந்தை ஒன்றும் அறியாமல் கொட்டாவி விட்டது. நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து அடுப்பைத் துடைத்து, திரும்பப் பால் வைத்தோம்.

பிறகு விசாரித்து அறிந்தேன். கொட்டிய பனி சரிவுகளில் அளவுக்கு மேல் சேர முன், சிறிது சிறிதாக விழுத்திவிடுவதற்காக வெடி வைக்கிறார்கள். கையால் வைப்பதும் உண்டு. ஹெலிகொப்ரரில் இருந்து போடுவதும் உண்டு. மலையில் நட்ட கம்பங்களில் இருந்து தூரத்திலிருந்தே இயக்குவதும் உண்டு. சுவிஸின் சில இடங்களில் இராணுவ மோட்டார்களையும் இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மோட்டார் என்ற சொல்லைக் கேட்டதும் வயிறு பிசைந்தது. அதே குழல், அதே சத்தம். ஆனால் கீழே இருக்கும் சனம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக அடிக்கப்படுகிறது. இப்படியும் ஒரு பாவனை அதற்கு இருக்கிறது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

மலை சொல்லும் இலக்கம்

அன்று மாலை தங்கையின் கணவர் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினார். நிறம் தீட்டிய ஒரு வரைபடம்.

"இது பனிச்சரிவு அறிவித்தல், மச்சாள். மாரியிலை ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஞ்சு மணிக்கு வரும். விடியவும் எட்டு மணிக்கு வரும். ஒண்டிலையிருந்து அஞ்சு வரைக்கும் இலக்கம். இப்ப எங்கடை பக்கம் நாலு."

ஒன்று குறைந்த ஆபத்து. இரண்டு மிதமானது. மூன்று கவனிக்க வேண்டியது. நான்கு பெரிய ஆபத்து. ஐந்து மிகப் பெரியது. ஐரோப்பிய நாடுகள் 1993இல் இந்த ஐந்து படிகளைப் பொதுவாக ஏற்றுக்கொண்டன. இதில் ஒரு விடயம் என்னை யோசிக்க வைத்தது. அதிகமானோர் இறப்பது நாலிலோ ஐந்திலோ அல்ல, மூன்றில்தானாம். நாலு என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுவார்கள். மூன்று என்றால் "நடுத்தரந்தானே" என்று போய்விடுவார்கள்.

இந்த அறிவித்தலை வெளியிடும் பனி ஆராய்ச்சி நிறுவனம் டாவோஸில்தான் இருக்கிறது. 1936இல் சில ஆராய்ச்சியாளர்கள் வைஸ்ப்ளூயொக் என்ற மலையில் ஒரு பனிக் குடிசையில் இருந்து இந்த வேலையைத் தொடங்கினார்கள். 1945 முதல் நிறுவனம் அறிவித்தல்களை வெளியிட்டு வருகிறது. மலைக்கிராமங்களில் இருக்கும் சாதாரண ஆட்கள் விடியற்காலையில் எழும்பி, எவ்வளவு பனி விழுந்தது என்று தடியால் அளந்து அனுப்புகிறார்கள். அந்த அளவுகளும், மலைகளில் நட்ட கருவிகள் அனுப்பும் அளவுகளும் சேர்ந்துதான் மாலையில் வரும் அந்த ஒற்றை இலக்கம்.

இலக்கம் குறைந்து வானம் வெளித்த ஒரு நாள், பெறாமகளோடும் அவளின் தகப்பனோடும் அந்த மலைக்குப் போனேன். டாவோஸ் டோர்ப் நிலையத்துக்கு அண்மையிலிருந்து கயிற்றால் இழுக்கப்படும் ஒரு புகைவண்டி மேலே போகிறது. 1931இல் அரைவாசித் தூரமும், 1932இல் உச்சி வரையும் திறந்தார்களாம். உச்சி ஏறத்தாழ 2,660 மீற்றர். எங்கள் நாட்டின் உயர்ந்த மலையான பிதுருதலாகலையை விடவும் கூட. மேலே நின்று பார்த்தால் எல்லாத் திசையிலும் வெள்ளை மலை, மேலே நீலம். சின்னப் பிள்ளைகள் கோழிக்குஞ்சுகள் போல வரிசையாய்ச் சறுக்கிக்கொண்டு போனார்கள். எனக்குக் கால் நடுங்கியது. சறுக்குப் பாதைகளுக்கு வெளியே மஞ்சளும் கறுப்புமாய்ப் பலகைகள். "அதைத் தாண்டக் கூடாது, பெரியம்மா" என்றாள் பெறாமகள். எனக்குப் பலகை விளங்கும். கிளிநொச்சிப் பக்கம் மீளக் குடியேறிய நாட்களில், சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்ட இடத்துக்கு ஆடு போனாலும் நாங்கள் போகமாட்டோம்.

பனி ஏன் சரிகிறது என்பதையும் அங்கேதான் விளங்கப்படுத்தினார்கள். ஒவ்வொரு தடவை கொட்டும் பனியும் ஒரு படையாக அடுக்கப்படுகிறது. ரொட்டியை அடுக்கி வைத்தது போல. சில படைகள் இறுக்கமானவை. சில படைகள், குளிரும் தெளிந்த வானமுமான நாட்களில், சீனி போல உதிரியாகிவிடும். அதன்மேல் புதுப்பனியும் காற்று கொண்டுவந்த பாளமும் ஏறிக்கொள்ளும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அழகான வெள்ளைச் சரிவு. முப்பது பாகைக்கு மேல் சாய்ந்த அந்தச் சரிவில் ஒருவர் கால் வைத்தால், அடியில் உள்ள பலவீனமான படை முறிந்து, முழுப் பாளமும் கழன்று ஓடும். சறுக்குபவர்கள் அகப்படும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை அவர்களாலேயே அல்லது கூட வந்தவர்களாலேயே தொடங்கியவையாம். அதனால் அடிப்படை எப்படி இருக்கிறதென்று அறியக் குழி வெட்டிப் பார்க்கிறார்கள். கார்த்திகையில் விழுந்த ஒரு பலவீனமான படை மாசியில் ஆளைக் கொல்லலாம்.

முன்னோர் பட்டு அறிந்தது

அந்தச் சனம் இந்த அறிவை இலேசில் பெறவில்லை. 1950-51 மாரிகாலத்தில் மட்டும் சுவிஸில் 98 பேர் பனிச்சரிவுகளில் இறந்தார்கள். டாவோஸிலேயே 1968 தை மாதத்தில் 13 பேர். 1999 மாசியில் எவொலேன் என்ற ஊரில் 12 பேர். அதே மாதத்தில் எல்லைக்கு அப்பால் ஒஸ்திரியாவில் கால்ரியூர், வால்சூர் ஆகிய இடங்களில் 38 பேர்.

டாவோஸிலிருந்து பள்ளத்தாக்கின் வழியே கொஞ்சம் கீழே போனால் பிரவுன்கேர்ஹ் என்ற கிராமம். அங்கே ஒரு சிறிய தேவாலயம். அதன் மலைப்பக்கச் சுவர் மற்றத் தேவாலயங்களைப் போல நேராக இல்லை. வள்ளத்தின் அணியம் போலக் கூராக இருக்கிறது. 1600களின் தொடக்கத்தில் பனிச்சரிவால் சேதப்பட்ட பின் அப்படிக் கட்டினார்களாம். பனி வந்தால் இரண்டாய்ப் பிரிந்து இரு பக்கத்தாலும் போய்விடும். பெரும் படிப்பில்லாத காலத்துச் சனம், வந்த அழிவைப் பார்த்து அடுத்த சுவரைக் கட்டியிருக்கிறது. ஊருக்கு மேலே நிற்கும் காட்டையும் அவர்கள் தொடுவதில்லை. அண்டர்மாட் என்ற ஊரில் 1397இலேயே அப்படி மரம் வெட்டத் தடை எழுதியிருக்கிறார்கள். காடு இல்லாத உச்சிகளில் வரிசை வரிசையாக இரும்பு வேலிகள். தூரத்திலிருந்து பார்க்க மலைக்குத் தையல் போட்டது போலிருக்கும். பனிச்சரிவைச் சமாளிக்கும் இந்தப் பரம்பரை அறிவை, 2018இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுரிமையாகப் பதிந்தது.

இன்னொன்றும் என் மனதில் நின்றது. இந்த ஊரை உலகம் அறியச் செய்தவர் ஓர் அகதி. அலெக்சாண்டர் ஸ்பெங்லர் என்ற ஜேர்மன் மாணவர். 1849 கிளர்ச்சியில் பங்குபற்றியதால் மரணதண்டனைக்குத் தப்பி சுவிஸுக்கு ஓடிவந்தவர். இங்கே மருத்துவம் படித்து, 1853இல் டாவோஸுக்கு வைத்தியராக வந்தார். அப்போது அது வறிய மலைக்கிராமம். இந்த ஊராருக்குச் சயரோகம் வருவதில்லை என்று அவர் கவனித்தார். 1865 மாசியில் நோயாளிகள் இருவர் நடு மாரியில் வந்து தங்கினார்கள். அதன் பின்தான் மாரிகாலத்தில் ஆட்கள் இந்த ஊருக்கு வரத் தொடங்கினார்கள். நோயாளருக்குப் பிறகு சறுக்குபவர்கள். 1934இல் உலகின் முதல் சறுக்கு இழுவைகளில் ஒன்று இங்கே ஓடியது. இன்று அந்த ஹொட்டேல்களில் கட்டில் விரிப்பவர்களிலும் கோப்பை கழுவுபவர்களிலும் எங்கள் சனமும் இருக்கிறது. அகதி என்ற சொல்லோடு ஒருவரின் கதை முடிந்துவிடுவதில்லை.

பதினைந்து நிமிடம்

பெறாமகள் பள்ளிக்கூடத்தில் படித்ததை எனக்குச் சொல்லித் தந்தாள். பனிக்குள் புதையுண்டால் வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் எடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். அரை மணித்தியாலம் போனால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. அதனால் பக்கத்தில் இருப்பவர்தான் தோண்ட வேண்டும். ஒவ்வொருவரும் கையில் மூன்று பொருட்கள் கொண்டு போகவேண்டும். ஆளை அறியும் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, சவள்.

அவள் விரல் மடித்து எண்ணிச் சொல்லும்போது நான் தங்கையைப் பார்த்தேன். அவள் குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

2009 மாசி. புதுக்குடியிருப்புக்கு அண்மையில் நாங்கள் வெட்டியிருந்த பங்கருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து மண் சரிந்தது. நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். அம்மாவும் தங்கையும் உள்ளே. வந்து பார்க்க, பங்கர் இருந்த இடத்தில் பங்கர் இல்லை. சவளும் அதற்குள்ளேயே. நானும் பக்கத்துத் தறப்பாளில் இருந்த இரண்டு பெண்களும் கையாலும் சட்டியாலும் தோண்டினோம். தங்கையின் பின்னல் முதலில் தெரிந்தது. அவளை இழுத்து எடுத்தோம். மூச்சு இருந்தது. அம்மாவை எடுக்க நேரம் போய்விட்டது.

அதைப்பற்றி நாங்கள் இருவரும் பத்து வருடமாகக் கதைத்ததில்லை. அவள் 2011இல் கல்யாணம் முடித்து இங்கே வந்துவிட்டாள். தொலைபேசியில் சமையல், பிள்ளை, காசு என்று கதைப்போம். அன்றிரவு பிள்ளைகள் படுத்த பின் அவளாகவே தொடங்கினாள்.

"அக்கா, உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு தெரியுமே?"

"தெரியாது. மணிக்கூடு பாக்கேல்லை."

"நான் இஞ்சை வந்து இதைப் படிச்ச நாளிலையிருந்து யோசிக்கிறன். பதினைஞ்சு நிமிசத்துக்குள்ளை எடுத்திருக்கிறியள். இல்லாட்டி நான் இல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் யாரைத் தோண்டுவது என்று நான் தெரிவு செய்யவில்லை, கைக்கு அகப்பட்டது அவளின் பின்னல் என்று இத்தனை வருடமாகச் சொல்ல நினைத்திருந்தேன். அன்று சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதை நான் கேக்கேல்லை அக்கா. எனக்குத் தெரியும். இந்த ஊரிலை ஒவ்வொரு நாளும் இலக்கம் சொல்லீனம். இண்டைக்கு மூண்டு, நாளைக்கு நாலு, இந்த றோட்டாலை போகாதேங்கோ எண்டு. எங்களுக்கு அப்ப ஒருத்தரும் இலக்கம் சொல்லேல்லை. அதுதான் எனக்குக் கோவம்."

வெளியே பனி அள்ளும் இயந்திரம் மஞ்சள் வெளிச்சத்தைச் சுழற்றிக்கொண்டு போனது. நாங்கள் விடியும்வரை அம்மாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். அவவின் ஒடியல் கூழ், அவவின் ஏச்சு, அவவின் வெற்றிலைப் பெட்டி. அழுதோம், சிரித்தும் கொண்டோம். விமானம் ஏறி, அவ்வளவு தூரம் போய், பனிமலையின் நடுவில்தான் எங்களுக்கு அது வாய்த்தது.

குறைந்து வரும் பனி

பனி கூடினால் ஆபத்து, குறைந்தால் பட்டினி. இது அந்த மலையூர்களின் நிலை. சுவிஸில் 1,139 மீற்றரிலிருந்து 2,540 மீற்றர் வரை உள்ள 11 நிலையங்களின் அளவுகளை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1970ஐ விட 2015இல் பனி 12 நாள் பிந்தித் தொடங்கி, 26 நாள் முந்தி முடிந்திருக்கிறது. நான் திரும்பி வந்த பின், 2023 புதுவருடத்தின்போது, அல்ப்ஸ் மலைகளில் உயரம் குறைந்த பல சறுக்கு இடங்கள் பச்சைப் புல்லாய்க் கிடந்தன. உயரத்தில் இருப்பதால் டாவோஸுக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் தங்கை கவலையோடுதான் கதைத்தாள்.

இயந்திரத்தால் பனி செய்கிறார்கள். தண்ணீரைத் துளியாய் விசிறி உறைய வைக்கும் வேலை அது. அதற்கும் சைபருக்குக் கீழே குளிர் வேண்டும், நிறையத் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். டாவோஸில் இன்னொரு வழியும் கண்டேன். மாரி முடிய மிஞ்சும் பனியைக் குவித்து, மேலே மரத்தூளைக் கனமாகப் பரப்பி மூடிவிடுகிறார்கள். கோடை முழுவதும் வெயில் காய்ந்தாலும் உள்ளே பெரும்பகுதி உருகாமல் இருக்கும். ஐப்பசியில் திறந்து பாதையில் பரப்புகிறார்கள். எங்கள் மீன்வாடிகளில் ஐஸ் கட்டியை மரத்தூளிலும் உமியிலும் புதைத்து வைத்த அதே கைவேலை. அதைச் சொன்னபோது தங்கையின் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தப் பனி சறுக்குவதற்கு மட்டுமல்ல. சித்திரை, வைகாசியில் உருகி லாண்ட்வாசர் ஆற்றில் இறங்கி, கடைசியில் ரைன் நதியில் சேர்கிறது. கீழே உள்ள ஊர்களுக்கு மலையில் நிற்கும் வெள்ளை ஒரு குளம். எங்கள் இரணைமடு மாரி மழையைப் பிடித்து வைத்துக் கோடையில் வயலுக்கு விடுவது போல, மலையும் மாரியைப் பிடித்து வைத்திருக்கிறது.

திரும்பி வந்த பின்

சகோதரிகளே, இந்தக் கட்டுரையை வாசிக்கும் எங்களில் அதிகமானோர் பனிமலையைக் காணப் போவதில்லை. ஆனால் சரிந்து விழும் பொருட்கள் எங்கள் நாட்டிலும் உண்டு. 2004 மார்கழி 26 காலையில் கடல் வரப்போகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2014 ஐப்பசி 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தால் மட்டும் போதாது. அது எங்கள் மொழியில், எங்கள் வாசலுக்கு வரவேண்டும். போக வேறு இடமும் இருக்கவேண்டும்.

இப்போது எங்களுக்கும் இலக்கமும் நிறமும் இருக்கின்றன. மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. உங்கள் கிராமத்துக்கு எந்த நிறம் என்று கேளுங்கள். தமிழில் சொல்லும்படி கேளுங்கள். எங்கள் மாதர் சங்கத்தில் மாரி தொடங்க முன் ஒரு கூட்டம் வைத்து, எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறா, எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யார் போய்த் தூக்குவது என்று எழுதி வைத்திருக்கிறோம். வாசிகசாலைக் கொட்டிலில் இரண்டு சவளும் ஒரு நீண்ட கயிறும் தொங்குகின்றன. சவள் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாரி வந்துவிட்டால் தங்கை பின்னேரத்தில் தொலைபேசி எடுப்பாள். அங்கே ஐந்து மணி, இங்கே இரவு ஒன்பதரை. முன்பெல்லாம் "சாப்பிட்டியளே" என்றுதான் தொடங்குவாள். இப்போது நான் முந்திக்கொண்டு கேட்கிறேன்.

"இண்டைக்கு எத்தினை?"

"ரெண்டு, அக்கா. நிம்மதியாப் படுங்கோ."